கண் அழுத்தத்துக்கான புதிய சொட்டு மருந்து ஆய்வில் சேரலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு வயது 52. மூன்று ஆண்டுக்கு முன் கண்ணாடி மாற்றப் போனபோது கண் அழுத்தம் 26, 27 என்று தெரியவந்தது. அன்றிலிருந்து இரவு படுக்கும் முன் லாட்டனோபிரோஸ்ட் சொட்டு விடுகிறீர்கள், இப்போது 19. உங்கள் டாக்டர் ஒரு புதிய சொட்டு மருந்தின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார். சேர்ந்தால் முதல் நான்கு வாரம் இப்போதைய மருந்தை நிறுத்த வேண்டுமாம். "என்னைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நான்கு வாரம் மருந்து இல்லாமல் இருந்தால் பார்வை போய்விடுமா? மருந்து என்று சொல்லி வெறும் நீரை விட்டுவிடுவார்களா? கடைசியில், அந்த மருந்து வேலை செய்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வார்கள்?

நான் கண் மருத்துவர். இருபது ஆண்டுக்கு மேலாக கிளாக்கோமா நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். இப்படிப்பட்ட சொட்டு மருந்து ஆய்வுகள் மூன்றில் அழுத்தம் அளப்பவனாகவும் நோயாளிகளைச் சேர்ப்பவனாகவும் வேலை செய்திருக்கிறேன். உங்கள் கண்ணை நான் பார்க்கவில்லை. அதனால் சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ இங்கிருந்து சொல்வது சரியில்லை. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த 26. கண்ணுக்குள் ஒரு தெளிந்த திரவம் இடைவிடாமல் ஊறுகிறது. கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகால் வழியே வெளியேறுகிறது. ஊறும் அளவுக்கு வடியாவிட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். 26 இருப்பதாலேயே ஒருவருக்கு கிளாக்கோமா என்று சொல்லிவிட முடியாது. பார்வை நரம்பின் இழைகள் பழுதாகத் தொடங்கினால்தான் அது கிளாக்கோமா. நரம்பு நன்றாக இருந்து எண் மட்டும் கூடியிருந்தால் அது வெறும் உயர் கண் அழுத்தம். உங்கள் கேள்வியில் இந்த இரண்டில் எது என்று இல்லை. நான்கு வாரம் பற்றிய பயத்துக்கான பதில் முழுக்க இதைப் பொறுத்தது.

நரம்பு பழுதாகாமல் அழுத்தம் மட்டும் கூடியவர்களைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவை உண்டு. அமெரிக்காவில் 1994ல் ஓர் ஆய்வு தொடங்கியது. 40 முதல் 80 வயது வரையிலான 1,636 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் அழுத்தம் அதிகம், நரம்பும் பார்வைப் பரப்பும் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) நன்றாக இருந்தன. பாதிப் பேருக்குச் சொட்டு மருந்து. மீதிப் பேருக்கு மருந்து கிடையாது, கவனமாகக் கண்காணிப்பு மட்டும். முடிவு 2002ல் வந்தது. ஐந்து ஆண்டில் மருந்து விடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா வந்தது. மருந்து விட்டவர்களில் 4.4 சதவீதம். மருந்து ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பது இதன் ஒரு பக்கம். ஐந்து ஆண்டு ஒரு சொட்டுகூட விடாமல் இருந்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதே ஆய்வு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. மருந்து விடாமல் இருந்தவர்களுக்கு ஏழரை ஆண்டு கழித்து மருந்து கொடுத்தார்கள். மொத்தம் 13 ஆண்டு ஆனபோது, தாமதமாகத் தொடங்கியவர்களில் 22 சதவீதம் பேருக்கும் முதலிலிருந்தே விட்டவர்களில் 16 சதவீதம் பேருக்கும் கிளாக்கோமா இருந்தது. ஆபத்து குறைவாக இருந்தவர்களிடம் இந்தத் தாமதம் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. ஏழரை ஆண்டுத் தாமதத்துக்கே இவ்வளவுதான் விலை என்றால், நரம்பு நன்றாக உள்ள ஒருவருக்கு நான்கு வாரம் என்பது மிகச் சிறிய ஆபத்து. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். நரம்பு ஏற்கெனவே பாதி பழுதாகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்படிப்பட்டவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

சரி, எதற்காக நான்கு வாரம்? லாட்டனோபிரோஸ்ட் சார்ந்த புரோஸ்டாகிளாண்டின் வகை சொட்டுகளை நிறுத்தினாலும் அவற்றின் வேலை உடனே நிற்பதில்லை. கண் பழைய அழுத்தத்துக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அழுத்தத்தைக் குறைக்கும் மற்ற சொட்டுகளில் டைமோலால் வகைக்கும் நான்கு வாரம் விடுவார்கள். பிரிமோனிடினுக்கு இரண்டு வாரம் போதும். டோர்சோலமைடுக்கு ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பழைய மருந்தின் மிச்சம் கண்ணில் இருக்கும்போது புதியதை விட்டால் எது குறைத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த இடைவெளியை வாஷ் அவுட் என்கிறோம். ஆய்வு சுத்தமாக இருக்க இது வேண்டும். நோயாளிக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. உங்களிடம் ஒப்புதல் வாங்கும்போது இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இந்த நான்கு வாரத்தில் நான் பட்ட ஒரு பாடத்தைச் சொல்கிறேன். ஓர் ஆய்வில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைச் சேர்த்தேன். நரம்பு நன்றாக இருந்தது, பழைய அழுத்தம் 25தான். மருந்தை நிறுத்தி இரண்டாவது வாரம் நடுச் சோதனைக்கு வந்தார். ஒரு கண்ணில் 38. மறுபடி கண் பாப்பாவை விரித்து, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைப் பார்த்தபோதுதான் அதன் ஓரத்தில் சாம்பல் தூவியதுபோல மெல்லிய படிவு கண்ணில் பட்டது. சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் என்ற நிலை அது. அது உள்ளவர்களுக்கு அழுத்தம் திடீரென்று எகிறும். முதல் சோதனையில் நான் அவசரமாகப் பார்த்ததில் அது தப்பிவிட்டது. அன்றே அவரை ஆய்விலிருந்து எடுத்து மருந்தைத் தொடங்கினோம். பார்வைக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஆனால் நடுவில் அந்தச் சோதனை வைக்காமல் நான்காவது வாரம் வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: நடுவில் அழுத்தம் பார்க்கிறார்களா, எந்த எண்ணைத் தாண்டினால் உடனே பழைய மருந்துக்குத் திருப்புவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் பாருங்கள். பல ஆய்வுகளில் 34 அல்லது 36ஐத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை. அப்படி ஒரு வரம்பு எழுதப்படாத ஆய்வில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி இரண்டாவது பயம், வெறும் நீர். இன்றைய ஆய்வுகளில் பெரும்பாலும் புதிய மருந்தைப் பழைய மருந்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஒரு குழுவுக்குப் புதியது. இன்னொரு குழுவுக்கு டைமோலால் 0.5 சதவீதம் காலை மாலை இரு வேளை, அல்லது லாட்டனோபிரோஸ்ட் இரவு ஒரு வேளை. நல்ல மருந்துகள் கையில் இருக்கும்போது, அழுத்தம் கூடியவரை மாதக்கணக்கில் வெறும் நீரில் வைத்திருப்பதை நியாயப்படுத்துவது கடினம். ஆனால் உங்கள் கைக்கு வரும் ஒரு புட்டியில் வெறும் நீர் இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய மருந்து இரவில் மட்டும், டைமோலால் இரு வேளை என்றால், யாருக்கு எது என்று தெரியாமல் இருக்க எல்லோரும் இரு வேளையும் விட வேண்டும். அப்போது புதிய மருந்துக் குழுவினர் காலையில் விடுவது மருந்து கலக்காத திரவமாக இருக்கும். அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஆரம்பகட்டச் சிறு ஆய்வுகளில் சில வாரம் மட்டும் வெறும் திரவக் குழு உண்மையிலேயே இருக்கும். உங்களுடையது எந்தக் கட்டம் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம். ஒப்பீட்டு மருந்து டைமோலால் என்றால், உங்களுக்கு ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயத் துடிப்பு மெதுவாக இருப்பது, இதில் எது இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சின்ன வயதில் இழுப்பு வந்து நின்றுபோயிருந்தால்கூடச் சொல்லுங்கள். கண்ணில் விடும் சொட்டுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணில் விழும் சொட்டில் பாதிக்கு மேல் கண்ணில் தங்குவதில்லை. மூக்குப் பக்கத்து ஓட்டை வழியே இறங்கி, மூக்கின் உள்தோலில் ஊறி, கல்லீரலில் வடிகட்டப்படாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. 1978ல் டைமோலால் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிறகுதான், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத் திணறலையும் சிலருக்கு மரணத்தையும் வரவழைத்த செய்திகள் சேர ஆரம்பித்தன.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. அழுத்தத்தை அளப்பது ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல அவ்வளவு எளிதல்ல. கண்ணை மரக்க வைக்கும் சொட்டோடு மஞ்சள் சாயம் விடுவார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்து நீங்கள் நேரே பார்க்கும்போது, நீல வெளிச்சத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூம்பு கருவிழியைத் தொடும். அது 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தைத் தட்டையாக்கும். பார்ப்பவருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பச்சை அரை வளையங்கள் தெரியும். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அவை லேசாக அசையும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் வரை பக்கத்தில் உள்ள திருகை மெல்லத் திருப்ப வேண்டும். நல்ல ஆய்வில் திருகைத் திருப்புபவர் எண்ணைப் பார்க்க மாட்டார். அருகில் நிற்கும் இன்னொருவர்தான் திருகில் உள்ள எண்ணைப் படித்து எழுதுவார். ஒவ்வொரு முறையும் திருகை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்வார். அளப்பவர் மனதில் இவருக்குக் குறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், கை தானாக ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். நேர்மையானவர் கையும் நிற்கும். என் கையும் நின்றிருக்கிறது. இரண்டு முறை அளந்து, இரண்டுக்கும் 2க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கம்.

அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. பலருக்கு அதிகாலையில் கூடுதல், மாலையில் குறைவு, படுத்தால் ஏறும். அதனால்தான் ஆய்வுக்கு வருபவர்களைக் காலை 8, 10, மாலை 4 என்று ஒரே நாளில் பலமுறை அளக்கிறார்கள். அரை நாள் போய்விடும், தயாராகப் போங்கள். மூச்சைப் பிடித்தால் ஏறும், இமையை இறுக்கினால் ஏறும், சட்டைக் கழுத்து இறுக்கமாக இருந்தாலும் ஏறும். டை கட்டி வந்த ஒருவருக்கு 28 பார்த்துவிட்டு, முடிச்சைத் தளர்த்தச் சொல்லிப் பத்து நிமிடம் கழித்து அளந்தேன், 24. கருவிழி தடிமனாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும், மெல்லியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். சராசரித் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 540 மைக்ரான். மெல்லிய கருவிழி உள்ளவர்களுக்கு கிளாக்கோமா வரும் ஆபத்தும் அதிகம் என்பது மேலே சொன்ன அந்த 1,636 பேர் ஆய்வில்தான் தெளிவாகத் தெரியவந்தது. உங்கள் தடிமன் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள்.

எண்ணில் இன்னொரு மாயமும் இருக்கிறது. ஆய்வுக்கு 22க்கு மேல் உள்ளவர்களைத்தான் எடுப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தற்செயலாகக் கூடுதலாக இருந்தவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். அடுத்த முறை அளந்தால், எதுவும் விடாமலேயே அவர்கள் எண் கொஞ்சம் இறங்கியிருக்கும். மருந்து வேலை செய்தது என்று தோன்றும், செய்திருக்காது. அதனால்தான், எனக்கு இந்தச் சொட்டு விட்டுக் குறைந்தது என்று தனி ஒருவர் சொல்வதற்கும் ஓர் ஆய்வின் முடிவுக்கும் அவ்வளவு தூரம். ஒப்பீட்டுக் குழு இருந்தால், இந்தத் தானாக இறங்குதல் இரு பக்கமும் சமமாக இருக்கும். மிச்சமுள்ள வித்தியாசம்தான் மருந்துடையது. வழக்கமான சிகிச்சையிலும் ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டு மறுகண்ணோடு ஒப்பிடும் பழக்கம் சில மருத்துவர்களிடம் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் டைமோலால் ரத்தத்தில் கலந்து மறுகண்ணின் அழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்துவிடும். இரண்டு கண்ணும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதும் இல்லை. இப்போது அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பிறகு, வெற்றி என்று எதைச் சொல்கிறார்கள் என்பது. புதிய மருந்து பழையதைவிட மேல் என்று பெரும்பாலான ஆய்வுகள் நிரூபிக்க முயல்வதில்லை. அதைவிடத் தாழ்ந்ததல்ல என்றுதான் காட்டுகின்றன. டைமோலாலோடு ஒப்பிடும்போது, அளந்த எல்லா நேரங்களிலும் வித்தியாசம் 1.5 மில்லிமீட்டருக்குள், பெரும்பாலான நேரங்களில் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தேர்வு என்பது பரவலான அளவுகோல். நெட்டார்சுடில் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பெரிய ஆய்வு, தொடக்க அழுத்தம் 27க்குக் கீழே உள்ளவர்களை வைத்துக் கணக்கிட்டபோது இந்த அளவுகோலைத் தொடவில்லை. 25க்குக் கீழே இருந்தவர்களை மட்டும் பார்த்தால் தொட்டது. அடுத்த ஆய்வில் 25 என்பதையே முதன்மைக் கணக்காக வைத்தார்கள், தேறியது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் மோசடி எதுவும் இல்லை, எல்லாம் வெளிப்படையாக அச்சான விவரம். அந்த மருந்து பயனுள்ளதுதான், நானும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் டைமோலாலுக்குச் சமம் என்ற ஒரு வரியை மட்டும் படித்தால், தொடக்கத்தில் 29, 30 இருக்கும் ஒருவருக்கு அது அதே அளவு குறைக்குமா என்ற கேள்வி மறைந்துவிடும். மருந்தில்லாமல் 26, 27 இருக்கும் உங்களுக்கு இது வெறும் தகவல் அல்ல. சேரும் ஆய்வில் எந்த அழுத்தம் வரை சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

மேலே சொன்ன எல்லாமே எண்ணைப் பற்றியது. நமக்கு வேண்டியது பார்வை. எண் குறைந்தால் பார்வை காப்பாற்றப்படும் என்பதை நாம் நம்பலாமா? நம்பலாம், இது உறுதியான பகுதி. ஆனால் அதை நிரூபிக்க எத்தனை ஆண்டு ஆனது என்று பாருங்கள். லாட்டனோபிரோஸ்ட் 1996ல் சந்தைக்கு வந்தது. அதை வெறும் திரவத்தோடு ஒப்பிட்டு, பார்வைப் பரப்பு காப்பாற்றப்படுகிறது என்று காட்டிய பிரிட்டன் ஆய்வு வெளியானது 2015ல். புதிதாக கிளாக்கோமா கண்டறியப்பட்ட 516 பேர், 24 மாதம், அடிக்கடி சோதனை. வெறும் திரவம் விட்டவர்களில் 25.6 சதவீதம் பேருக்குப் பார்வைப் பரப்பு குறைந்தது. மருந்து விட்டவர்களில் 15.2 சதவீதம். அழுத்தம் மருந்துக் குழுவில் சராசரியாக 3.8 குறைந்தது, வெறும் திரவக் குழுவிலும் 0.9 குறைந்தது. சற்று முன் சொன்ன தானாக இறங்குதல் இந்த 0.9ல் தெரிகிறது. அதற்கு முன் ஸ்வீடனில் 255 பேரிடம் நடந்த ஆய்வு, ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைவுக்கும் நோய் முன்னேறும் ஆபத்து ஏறத்தாழ பத்து சதவீதம் குறைகிறது என்று காட்டியிருந்தது.

சந்தேகமான பகுதி வேறு. ஒரே அளவு அழுத்தத்தைக் குறைக்கும் இரண்டு மருந்துகள் பார்வையையும் ஒரே அளவு காக்குமா? காக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் புதிய மருந்துகளுக்கு அனுமதி தருகிறார்கள். மூன்று மாதம் முதல் ஒரு வருடம் ஓடும் ஆய்வில் பார்வைப் பரப்பின் மாற்றத்தைப் பிடிக்க முடியாது. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு பழுதான கிளாக்கோமா நோயாளிகளிடம் பிரிமோனிடினையும் டைமோலாலையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2011ல் வந்தது. அழுத்தம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் பார்வைப் பரப்பு குறைந்தவர்கள் பிரிமோனிடினில் 9.1 சதவீதம், டைமோலாலில் 39.2 சதவீதம். கேட்டவுடன் அதிசயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் பிரிமோனிடின் குழுவில் நான்கில் ஒருவருக்கு மேல் கண் ஒவ்வாமை வந்து விலகிவிட்டார்கள். விலகியவர்களும் தங்கியவர்களும் ஒரே மாதிரியானவர்களா என்ற கேள்வி அந்த முடிவைத் தொங்கலில் விட்டுவிட்டது. பிரிமோனிடின் நரம்பைக் காக்கிறது என்றோ டைமோலால் கெடுக்கிறது என்றோ இதை வைத்து நான் யாருக்கும் சொல்வதில்லை.

இன்றைக்கு நீங்கள் விடும் சொட்டுக்கே ஒரு கதை உண்டு. அது சேர்ந்த வகையான புரோஸ்டாகிளாண்டின், உடலே சுரக்கும் ஒரு பொருள். அது கண்ணில் அழற்சியை உண்டாக்கும், அழுத்தத்தை ஏற்றும் என்றுதான் முதலில் நம்பினார்கள். அதிக அளவில் விட்டால் முயலின் கண்ணில் அது உண்மைதான். லாஸ்லோ பிட்டோ, கார்ல் கேம்ராஸ் என்ற ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். முயலின் கண் அழுத்தம் இறங்கியது. 1977ல் அதை வெளியிட்டார்கள். மனிதக் கண் தாங்கும்படி சிவப்பையும் எரிச்சலையும் குறைத்து, மூலக்கூறை மாற்றி, மருந்தாக்க மேலும் 19 ஆண்டு ஆனது. ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் மூன்று நான்கு அடர்த்திகளை ஏன் மெனக்கெட்டு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பக்க விளைவுகளில் எல்லாமே ஆய்வில் தெரிந்துவிடாது. இந்தச் சொட்டால் சிலருக்குக் கருவிழிக்குப் பின்னால் உள்ள நிற வளையம் கருப்பது ஆய்வின்போதே தெரிந்தது. ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து மேல் இமை உள்வாங்குவது, இந்த வகையைச் சேர்ந்த பைமாட்டோபிரோஸ்ட் சந்தைக்கு வந்து மூன்று ஆண்டு கழித்து, 2004ல்தான் முதலில் எழுதப்பட்டது. சில நூறு பேரை ஒரு வருடம் பார்க்கும் ஆய்வு, ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதையும் ஐந்து ஆண்டு கழித்து வருவதையும் பிடிக்காது. புதிய மருந்து எடுப்பவர் ஏற்கும் உண்மையான நிச்சயமின்மை இதுதான். நான்கு வார இடைவெளியைவிட இதைத்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் டாக்டர் முன்னால் ஒருமுறை சொட்டு விட்டுக் காட்டுங்கள். ஐந்து ஆண்டாக மருந்து விட்டும் அழுத்தம் அடங்காத ஓர் அம்மா என்னிடம் வந்தார். இரண்டு மருந்து, மூன்றாவதும் வேண்டுமோ என்ற நிலை. விட்டுக் காட்டச் சொன்னேன். புட்டியை உயரத் தூக்கிப் பிடித்தார், சொட்டு விழும் நொடியில் கண் மூடியது, மருந்து முழுக்க இமை முடியில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. "தினமும் இப்படித்தான் டாக்டர் விடுறேன்" என்றார், பாவம். கீழ் இமையை மெல்ல இழுத்து அந்தக் குழிவில் ஒரே சொட்டு, பிறகு கண்ணை மூடி மூக்கோரத்தில் விரலால் இரண்டு நிமிடம் அழுத்துவது, இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து என்று பழக்கினோம். அடுத்த மாதம் 4 குறைந்திருந்தது; மூன்றாவது மருந்து எழுதவில்லை. 1986ல் வெளியான ஓர் ஆய்வில் பைலோகார்பின் என்ற பழைய கிளாக்கோமா சொட்டின் புட்டிக்குள் பதிவுக் கருவி வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் 97 சதவீதம் விட்டதாகச் சொன்னார்கள். புட்டி காட்டியது 76. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, மறந்ததே மறந்துபோகும். ஆய்வில் எல்லோரும் ஒழுங்காக விடுவதால் அங்கே கிடைக்கும் எண் வீட்டில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும்.

உங்கள் பதிலுக்குத் திரும்புகிறேன். பார்வை நரம்பின் ஓ.சி.டி. ஸ்கேனும் (ஒளியால் நரம்பிழைகளின் தடிமனை அளப்பது) ஃபீல்டு டெஸ்டும் (பார்வைப் பரப்பை அளப்பது) இரண்டு கண்ணிலும் நன்றாக இருந்து, கருவிழி ரொம்ப மெல்லியதாக இல்லாமல், வடிகால் கோணம் (கருவிழியும் நிற வளையமும் சந்திக்கும் மூலை) திறந்திருந்து, சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் இல்லை என்று பாப்பாவை விரித்துப் பார்த்துச் சொல்லியிருந்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் சேர்வேன். ஃபீல்டு டெஸ்டில் ஏற்கெனவே குறை இருந்தாலோ, ஒரு கண்ணில்தான் நல்ல பார்வை என்றாலோ, வீட்டில் யாராவது கிளாக்கோமாவால் பார்வை இழந்திருந்தாலோ, என் நோயாளியாக இருந்தால் வேண்டாம் என்பேன். 19ல் நிற்கும் ஒரு கண்ணை எதற்காக அசைக்க வேண்டும்? சொட்டே தொல்லையாக இருக்கிறது என்பதுதான் சேர நினைக்கும் காரணம் என்றால், வடிகாலில் செய்யும் லேசர் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். 718 பேரை வைத்து நடந்து 2019ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு மூன்று ஆண்டு கழித்தும் சொட்டு தேவைப்படவில்லை. ஆனால் லேசர் செய்தபின் பல மருந்து ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

சேர்வதாக முடிவு செய்தால், எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதும், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆய்வு முடிந்தபின் புதிய மருந்து கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது, பழையதற்கே திரும்ப வேண்டியிருக்கும். படிவத்தை அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். நிறுத்திய வாரங்களில் பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, கண் வலியோடு தலைவலியும் குமட்டலும் வந்தாலோ அடுத்த சோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், அவர்கள் கொடுத்த எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை முன்கூட்டியே ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் ஃபீல்டு டெஸ்டும் கருவிழித் தடிமனும் கையில் கிடைத்தால் இங்கே எழுதுங்கள். நான்கு வாரத்தைப் பற்றி இதைவிடத் திட்டமாகச் சொல்கிறேன்.